பரதநாட்டியம்: கிளைப் பள்ளியில் சேர்ப்பதா, தனி ஆசிரியரிடம் விடுவதா?

விஜயதசமி நெருங்கும் நாட்களில், ஐந்து ஆறு வயதுக் குழந்தை இருக்கும் சென்னை வீடுகளில் பரதநாட்டியப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. எங்கே சேர்க்கலாம் என்று விசாரித்தால் இரண்டு வகையான பதில் வரும். ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பெரிய பலகை வைத்து, வேளச்சேரி, போரூர், பழைய மகாபலிபுரம் சாலை என்று பல இடங்களில் ஒரே பெயரில் நடக்கும் ஃபிரான்சைஸ் பள்ளி. மற்றொன்று, மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ பலகையே இல்லாத ஒரு மாடி வீட்டில், படிக்கட்டில் கழற்றிவிட்ட சின்னச் செருப்புகளையும் தாளம் போடும் தட்டுக்கழியின் ஓசையையும் வைத்து நாமே அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய தனி ஆசிரியர். என் மூத்த மகளை இரண்டரை ஆண்டுகள் முதல் வகைப் பள்ளிக்கும், அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளாக ஒரு தனி ஆசிரியரிடமும் அனுப்பி வருகிறேன். இப்போது இளையவளைச் சேர்க்க வேண்டிய வேளை வந்திருக்கிறது. இந்த முறை எதையெல்லாம் எடைபோடுகிறேன் என்பதை, இதே இடத்தில் நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

ஃபிரான்சைஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். பெயரும் பாடத்திட்டமும் தலைமை நிறுவனத்துக்கு உரியவை. நம் பகுதியில் கிளை நடத்துபவர் அந்தப் பெயருக்காகத் தொடக்கத்தில் ஒரு தொகை கட்டுகிறார். பிறகு வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கைத் தலைமைக்குத் தந்துகொண்டே இருக்கிறார். இடத்து வாடகை, மின்கட்டணம், வரவேற்பில் இருப்பவரின் சம்பளம் எல்லாம் போக மிஞ்சுவதிலிருந்துதான் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் போகிறது. கிளையை நடத்துபவருக்கு நடனம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆசிரியர் பெரும்பாலும் நடனத்தில் பட்டமோ பட்டயமோ முடித்த இளம் பெண்ணாகவும், நல்ல பயிற்சி உள்ளவராகவும் இருப்பார். ஆனால் அவருக்குத் திருமணமானாலும், மேற்படிப்புக்குப் போனாலும், சொந்தமாக வகுப்பு தொடங்கினாலும் அவர் விலகுவார். பள்ளி மட்டும் தொடரும். நாம் பணம் கட்டுவது பெயருக்கு, குழந்தை கற்பதோ ஓர் ஆளிடம்; அந்த இரண்டும் வேறு வேறு என்பதைச் சேர்க்கும் நாளன்று நான் யோசிக்கவே இல்லை.

ஆள் மாறினால் என்ன, பாடம் ஒன்றுதானே என்று தோன்றலாம். பரதத்தின் முதல் ஆண்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. நடனத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளில் முதலில் வருவது தட்டடவு. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி தாழ்ந்து நிற்கும் அரைமண்டியில் அமர்ந்து, "தெய்யா தெய்" என்ற சொல்லுக்குப் பாதத்தைத் தூக்கித் தட்ட வேண்டும். அதையே முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் கூட்டிச் செய்ய வேண்டும். பார்வைக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த அரைமண்டியில் தொடை இடுப்பிலிருந்தே வெளிப்புறம் திரும்பியிருக்க வேண்டும், முழங்கால் பாத விரல்கள் காட்டும் திசையிலேயே நிற்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், பின்புறம் தள்ளக் கூடாது. களைத்துப்போன குழந்தை என்ன செய்யுமென்றால், பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு முழங்காலை முன்னால் விழவிட்டுவிடும். நேரெதிரே நின்று பார்ப்பவருக்கு அது சரியான அரைமண்டி போலவே இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் தவறு தெரியும். மாதக்கணக்கில் அதைத் திருத்தாமல் விட்டால் உடம்பு தவறையே பழகிக்கொள்ளும், ஒவ்வொரு தட்டுக்கும் முழங்காலில் முறுக்கு விழும். ஆகவே நடன வகுப்பில் நாம் காசு கொடுத்து வாங்குவது திருத்தத்தைத்தான். அடவின் பெயரையும் வரிசையையும் இன்று ஒரு காணொளியிலேயே தெரிந்துகொண்டுவிடலாம். திருத்தத்தை அப்படிப் பெற முடியாது.

இதைச் சிறு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேர வகுப்பில் 20 குழந்தைகள் நின்றால், ஆசிரியர் ஒரு நொடியும் வீணாக்காவிட்டாலும் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது 3 நிமிடம். 8 பேர் என்றால் ஏழரை நிமிடம். கிளைப் பள்ளியோ தனி ஆசிரியரோ, நான் முதலில் கேட்பது இந்த எண்ணிக்கையைத்தான். தனி ஆசிரியர் என்றாலே கூட்டம் குறைவு என்று நம்பிவிடக் கூடாது. பெயர் பெற்ற ஆசிரியரின் கூடத்தில் சனிக்கிழமை காலை நிற்க இடமிருக்காது.

என் மகள் கிளைப் பள்ளியில் இருந்த இரண்டரை ஆண்டுகளில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். மூவரும் அன்பானவர்கள், ஒருவர் மீதும் எனக்குக் குறையில்லை. ஆனால் முதலாமவர் காலை நீட்டி ஊன்றும் நாட்டடவில் கையைத் தோள் உயரத்தில் நீட்டச் சொன்னார். இரண்டாமவர் சற்றுத் தாழ்த்தி முழங்கையைத் தூக்கி வைக்கச் சொன்னார். மூன்றாமவர் வந்தபோது தேர்வு நெருங்கிவிட்டதால் கையைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. பாடத்திட்டப்படி ஒவ்வொரு நிலையும் குறிப்பிட்ட மாதங்களில் முடிந்தாக வேண்டும், முடிந்தால்தான் அடுத்த நிலைக்கான கட்டணம் வரும். இரண்டாம் நிலைச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய வாரத்தில், நடனம் தெரிந்த என் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தார். குழந்தையை ஆடச் சொல்லிப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தவர், இரண்டு முழங்கால்களும் முன்னால் விழுவதைக் கையை வைத்துக் காட்டினார். எனக்கு அதுவரை அது கண்ணில் படவே இல்லை. சான்றிதழ் சொன்னதும் பொய்யில்லை, குழந்தைக்கு எல்லா அடவும் வரிசையாகத் தெரிந்திருந்தது.

நடனக் கூடத்தைக் கிளை கிளையாகப் பெருக்கும் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. ஆர்தர் மர்ரே என்பவர் முதலில் அடிச்சுவடுகளை வரைபடமாக அச்சிட்டுத் தபாலில் விற்றார். 1938ஆம் ஆண்டு முதல் தம் பெயரிலேயே ஃபிரான்சைஸ் கொடுக்கத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் அந்தச் சமூக நடனங்களில், விருந்தில் நாலு பேர் முன் கூச்சமின்றி ஆட வேண்டும் என்பதற்காகவே பலர் சேர்கிறார்கள். அதற்குக் கால் எங்கே விழ வேண்டும் என்ற வரைபடம் பெருமளவு போதும். அந்த முறையை அப்படியே பரதத்துக்குக் கொண்டுவந்தால் இடிக்கிறது. இங்கே கால் விழும் இடத்தைக் கற்பிப்பது முதல் வாரத்து வேலை. அது எப்படி விழ வேண்டும் என்பதுதான் அடுத்த பத்தாண்டு வேலை.

இவ்வளவு சொன்னாலும், கிளைப் பள்ளியை ஒதுக்கிவிடும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் குடும்பத்தில் என் தலைமுறையில் யாரும் நடனம் கற்றதில்லை. சபா வட்டாரத்தில் அறிமுகம் கிடையாது. எந்த ஆசிரியரிடம் போக வேண்டும், என்ன தட்சிணை வைக்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒன்றும் தெரியாது. தொலைபேசியில் அழைத்தவுடன் சோதனை வகுப்புக்கு நாள் கொடுத்து, கட்டணத்தை அச்சிட்ட தாளில் காட்டி, வேறு எதையும் விசாரிக்காமல் குழந்தையைச் சேர்த்துக்கொண்டது அந்தக் கிளைதான். பரதம் தங்களுக்கானதல்ல என்று தலைமுறைகளாக எண்ணியிருந்த எத்தனையோ வீடுகளுக்கு அந்தக் கதவு திறந்திருப்பதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. நேரம் தவறாது; மழைக்கு ஒரு வகுப்பு போனால் ஈடுவகுப்பு உண்டு; கூடத்தில் நிலைக்கண்ணாடி இருக்கும்; கேமரா இருக்கும்; பெற்றோர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கலாம். அப்பாவுக்குக் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ மாற்றலானால், அங்குள்ள கிளையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரங்கேற்றம் செய்தே ஆக வேண்டும் என்று யாரும் நெருக்க மாட்டார்கள். நடுவில் நிறுத்தினால் யாருக்கும் மனவருத்தமும் இல்லை.

தனி ஆசிரியரிடம் கிடைப்பது வேறு. என் மகளின் இப்போதைய ஆசிரியர் தரையில் தட்டுப்பலகையை வைத்து உட்கார்ந்து, வாயால் சொற்கட்டு என்னும் தாளச் சொற்களைச் சொல்லித் தட்டுக்கழியால் தாளம் போடுவார். கிளையில் புளூடூத் ஒலிபெருக்கியில் பதிவுசெய்த சொற்கட்டு ஓடும். அது யாருக்காகவும் நிற்காது. இவரோ ஒரு குழந்தையின் கால் பிசகினால் கழியை அந்தரத்தில் நிறுத்திவிடுவார். "கால் முன்னாடி விழுது கண்ணா, இடுப்பிலேருந்து திருப்பு" என்பார்; அதே இடத்திலிருந்து, சற்று மெதுவான காலத்தில், மறுபடி தொடங்குவார். முந்தைய வாரம் எந்தக் குழந்தைக்கு எந்தக் கால் பிசகியது என்பது அவருக்கு நினைவிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே உடம்பைப் பார்த்து வருபவருக்கு, அது வளர்ந்து நீண்டு சமநிலை தடுமாறும் பருவமும் தெரியும். என் மகள் ஒரே ஆண்டில் சட்டென்று உயர்ந்தபோது, புதிதாக எதையும் தொடங்காமல் பழைய அடவுகளிலேயே ஆறு மாதம் நிறுத்தி வைத்தார். எந்தப் பாடத்திட்டத்திலும் அப்படி ஒரு நிறுத்தத்துக்கு இடமிருக்காது.

பரதம் இந்த வழியில்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. இன்று கச்சேரியில் அலாரிப்பில் தொடங்கி ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று சென்று தில்லானாவில் முடியும் வரிசையை வகுத்த தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் தனித்தனி மாணவியரைப் பயிற்றிய நட்டுவனார்களே, அதாவது நடன ஆசிரியர்களே. நடனக் கலைஞர் பாலசரஸ்வதியை முதன்மையாக உருவாக்கியவர் கந்தப்பப் பிள்ளை என்ற ஆசிரியர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ருக்மிணி தேவி, மிருணாளினி சாராபாய், ராம் கோபால் என்று பலரும் தேடிச் சென்று கற்றார்கள். இதனால் நிறுவனம் என்றாலே ஆகாது என்று பொருளல்ல. 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா ஒரு நிறுவனம்தான். மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் பின்னர் சொக்கலிங்கம் பிள்ளையையும் அழைத்து வந்து கற்பிக்க வைத்தது, தன் மாணவர்களிலிருந்தே ஆசிரியர்களை உருவாக்கித் தக்கவைத்துக்கொண்டது, அதனால் ஒரு பாணி என்று சொல்லும் அளவுக்கு அங்கே ஓர் ஒழுங்கு நிலைபெற்றது. ஆகவே கிளைப் பள்ளியைப் பற்றி விசாரிக்கும்போது எத்தனை கிளைகள் இருக்கின்றன என்பதை விட, இந்தக் கிளையின் ஆசிரியர் இங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்பதே கேட்க வேண்டியது. ஐந்து ஆண்டுகள் என்று பதில் வந்தால், என் கணக்கில் அது நல்ல பள்ளி.

தனி ஆசிரியரிடம் உள்ள சிக்கல்களை மறைப்பதும் நியாயமாகாது. மார்கழி வந்தால் அவருக்குக் கச்சேரிகள்; வகுப்புகள் தள்ளிப்போகும். வெளிநாட்டுப் பயணம் ஒன்று வந்தால் ஒரு மாதம் மூத்த மாணவி வகுப்பெடுப்பார். சில இடங்களில் ஆண்டு முழுவதுமே மூத்த மாணவிகள்தான் எடுக்கிறார்கள், பெரிய ஆசிரியரின் முகம் ஆண்டு விழாவில்தான் தெரியும். அப்படிப்பட்ட இடம் பலகை இல்லாத கிளையே. ரசீது இருக்காது. கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் விடக் கனமானது, சேரும்போது வாய் திறந்து யாரும் சொல்லாத அரங்கேற்றச் செலவு. மண்டப வாடகை, தாளமிட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று பக்கவாத்தியக் குழுவுக்கு ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகச் சன்மானம், இரண்டு மூன்று ஆடைகள், நகை, ஒப்பனை, அழைப்பிதழ், புகைப்படம், வீடியோ, வந்தவர்களுக்குச் சிற்றுண்டி, ஆசிரியருக்குத் தட்சிணை. சிறு கல்யாணம் போல் ஆகிவிடும். இது கட்டாயமா, கோயிலில் எளிமையாகச் செய்யலாமா, எத்தனையாவது ஆண்டில் எதிர்பார்ப்பீர்கள் என்று முதல் மாதத்திலேயே பணிவாகக் கேட்டுவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. நான் கேட்டேன், எங்கள் ஆசிரியர் முகம் சுளிக்கவில்லை, "வர்ணம் முழுசா நிக்கட்டும், அப்புறம் பார்ப்போம்மா" என்றார்.

கிளைப் பள்ளியிலும் செலவுகள் ஒளிந்திருக்கின்றன. சேர்க்கைக் கட்டணம், சின்னம் பதித்த சீருடை, தேர்வுக் கட்டணம், ஆண்டு விழா உடை வாடகை. நூற்றுக்கணக்கான குழந்தைகளை மைதானத்தில் நிறுத்தி நடத்தும் உலக சாதனை நிகழ்ச்சிக்கு ஒரு தொகை. வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கலை, பண்பாடு சார்ந்த பயிற்சியைத் தனிநபர் அளித்தால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 2022 ஜூலை மாதத் திருத்தத்துக்குப் பின் அந்த விலக்கு தனிநபருக்கு மட்டுமே என்றாகிவிட்டது. பதிவு வரம்பைத் தாண்டிய நிறுவனம் நடத்தும் வகுப்புக்கு 18 விழுக்காடு என்ற அளவில் வரி சேரும். மாதக் கட்டணம் 3,000 ரூபாய் என்றால் 540 ரூபாய் வரி, ஆண்டுக்கு 6,480 ரூபாய். விளம்பரத்தில் போடும் தொகை வரிக்கு முந்தையதா பிந்தையதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காலாண்டு, அரையாண்டு என்று மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தருவார்கள். ஆனால் நடுவில் நின்றால் அந்தப் பணம் திரும்புமா என்பது ரசீதின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும். முதல் காலாண்டை மட்டும் கட்டுவதே புத்திசாலித்தனம்.

தரை பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் முழங்காலும் குதிகாலும் தினமும் அதன் மேல்தான் அடிபடுகின்றன. சிமென்ட் மேல் நேராக ஒட்டிய வழவழப்பான ஓடு, குதித்து மெட்டு என்ற துள்ளல் அடவுக்கும், முழங்கால் தரையில் படும் மண்டி அடவுக்கும் மிகக் கெடுதல். மரத்தளம் உள்ள கிளை கிடைத்தால் அது உண்மையான சாதகம். தனி ஆசிரியர் வீட்டில் பழைய சிவப்புத் தரையோ மொட்டைமாடிக் கொட்டகையோதான் பெரும்பாலும் இருக்கும். அங்கே ஆசிரியர் எவ்வளவு நேரம் குதிக்க வைக்கிறார், முன்னதாக உடம்பைத் தளர்த்தும் பயிற்சி கொடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை எனக்கு ஒரே விதிதான். எந்த இடமானாலும், வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் சொல்லாமல் வந்து எட்டிப் பார்க்க அனுமதி இருக்க வேண்டும். திருத்துவதற்காகக் குழந்தையைத் தொடும் கலை இது. எப்படித் தொடலாம், எப்படித் தொடக் கூடாது என்பது குழந்தைக்கும் ஆசிரியருக்கும் வெளிப்படையாகத் தெரிந்திருக்க வேண்டும். குரு என்ற மரியாதையும் நிறுவனத்தின் பெயரும் இதற்கு மாற்றாகிவிட முடியாது.

சான்றிதழுக்காகக் கிளைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள், அந்தத் தாள் அந்த நிறுவனத்தின் கிளைகளுக்கு வெளியே எங்கே செல்லும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வெளித்தேர்வு எழுத வேண்டுமென்றால் தனி ஆசிரியரின் மாணவியும் எழுதலாம். அகில பாரதீய காந்தர்வ மகாவித்யாலய மண்டலம் பரதநாட்டியத்துக்கும் பிராரம்பிக் தொடங்கி விஷாரத், அலங்கார் வரை படிப்படியாகத் தேர்வு நடத்துகிறது. யாழ்ப்பாணத்தில் வட இலங்கை சங்கீத சபை நெடுங்காலமாக நடத்திவரும் தரத் தேர்வுகளுக்கு எத்தனையோ தனி ஆசிரியர்கள் தம் மாணவிகளைத் தயார் செய்கிறார்கள். கற்பிப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் இன்னொருவர் என்றிருப்பது, தானே கற்பித்துத் தானே சான்றளிப்பதை விட நம்பகமானது.

கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் மிகக் குறைந்த கட்டணத்தில் மூன்றாண்டுப் பயிற்சி தருகிறார்கள். சிறு குழந்தைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள் உள்ளன. பலகையும் விளம்பரமும் இல்லாததால்தான் பலருக்குத் தெரியவில்லை. அங்குள்ள ஆசிரியர்கள் முறையாகப் பயின்றவர்கள்.

இளையவளுக்கு என் முடிவு இது. அவளுக்கு வயது ஐந்து. ஆசை அவளுடையதா, அக்காவைப் பார்த்து வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. ஆகவே வீட்டுப் பக்கத்திலிருக்கும் கிளையில், பழைய கிளை அல்ல, நான்கு ஆண்டுகளாக ஒரே ஆசிரியர் இருக்கும் வேறொரு கிளையில், பத்துக் குழந்தைகளுக்கு மேல் இல்லாத வகுப்பில், ஓராண்டுக்கு மட்டும் சேர்க்கிறேன். ஆசை நிலைத்தால், நாட்டடவுக்குப் போகும் முன் அக்காவின் ஆசிரியரிடம் மாற்றிவிடுவேன். ஆசை உறுதியாகத் தெரியும் ஏழு எட்டு வயதுக் குழந்தை என்றால் இந்தச் சுற்றுவழி வேண்டாம். நேராகத் தனி ஆசிரியரிடமே போகலாம். அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்துக்குக் கிளைதான் பொருந்தும். உடற்பயிற்சியும் மேடைக்கூச்சம் போவதும் போதும் என்பவர்களுக்கும் அதுவே நிறைவானது, அதில் தாழ்வு ஒன்றுமில்லை.

சோதனை வகுப்புக்குப் போகிறவர்கள் நேரெதிரே உட்கார வேண்டாம், பக்கவாட்டில் உட்காருங்கள். ஆசிரியர் குழந்தைகளுக்கு முன்னால் நின்று தானும் ஆடிக்கொண்டே இருக்கிறாரா, அல்லது வரிசைகளுக்கு இடையே நடந்து போகிறாரா என்று பாருங்கள். கடைசி வரிசையில் நிற்கும் குழந்தையின் பெயரை ஒரு முறையாவது அழைக்கிறாரா என்று பாருங்கள்.

இடம் மாற்றுவதென்றால், பழைய ஆசிரியரிடம் நேரில் போய், பழமும் வெற்றிலை பாக்கும் வைத்துச் சொல்லிவிட்டு வர வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு நிறுத்திவிடக் கூடாது. புதியவரிடம் முன்பு கற்றது எந்தப் பாணி, எதுவரை முடிந்தது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பாணிக்குப் பாணி அடவின் பெயரும் கைவைப்பும் மாறும். நான் இரண்டாம் நிலைச் சான்றிதழைப் பையில் கொண்டுபோயிருந்தேன். ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் மகளை அரைமண்டியில் நிற்கச் சொல்லி, எழுந்து வந்து அவளுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த நான்கு மாதங்கள் அவள் தட்டடவு மட்டுமே போட்டாள்.